கரையை விட்டுக் கொடுக்காதீர்கள்

காரைக்காலில் நடப்பதற்கு இடமில்லை என்று ஒரு பேச்சு சில வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பென்ஷன்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் சர்க்கரை, அடுத்து முட்டிவலி, மூன்றாவதாக இது. "ஒரு நல்ல வாக்கிங் டிராக் போட்டுக் கொடுத்தால் தேவலை சார்" என்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். ஓர் ஏக்கர் இடம், சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே சிமெண்ட் கல் பதித்த வட்டப்பாதை, நடுவில் இரண்டு பெஞ்சு, வாசலில் திறப்புவிழாக் கல்வெட்டு. காலையில் ஸ்கூட்டரில் போய் இறங்க வேண்டியது, இருபது சுற்று சுற்ற வேண்டியது, மறுபடி ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட வேண்டியது.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் செக்குமாடு ஞாபகம்தான் வருகிறது. செக்குமாடாவது எண்ணெய் தரும்.

நண்பர்களே, நம் ஊரில் பாதைக்குப் பஞ்சமே கிடையாது. இருக்கிற பாதையை ஒவ்வொன்றாக நாம் கைவிட்டுக்கொண்டு வருகிறோம், அவ்வளவுதான். ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, கடலுக்குப் போகும் மணல்பாதை, வயலுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை, இத்தனையும் வைத்துக்கொண்டு ஓர் ஏக்கர் வட்டத்துக்கு மனு போடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த மனுவுக்கு எதிரானது. கோபமாகத்தான் எழுதுகிறேன். எழுபது வயதுக்கு மேல் கோபத்தை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கிளார்க் உத்தியோகம் பார்த்தவனுக்குக் கணக்கு இல்லாமல் பேச வராது. காரைக்கால் மாவட்டம் மொத்தமே 157 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 2,00,222. மலை இல்லை, குன்று இல்லை, மூச்சு வாங்குகிற ஏற்றம் என்று ஒன்று கிடையாது. எங்கள் தலத்தெருவிலிருந்து சைக்கிளை எடுத்தால் வடக்கே நண்டலாறு எல்லை, மேற்கே அம்பகரத்தூர், தெற்கே வாஞ்சூர், எந்தப் பக்கம் போனாலும் நிதானமாக மிதித்து ஒன்றேகால் மணி நேரத்தில் புதுச்சேரி அரசின் எல்லை முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். கிழக்கே போனால் கிளிஞ்சல்மேடு, அதற்கப்புறம் கடல்தான். நடக்கவும் சைக்கிள் விடவும் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு மாவட்டம் இது.

இதற்குள் எத்தனை ஆறு! அரசலாறு, திருமலைராயனாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, நண்டலாறு. இன்னும் சிறியவை உண்டு. காவிரியின் கடைமடை நாம். ஒவ்வோர் ஆற்றுக்கும் இரண்டு கரை. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் கரை. வயலை விட ஓர் ஆள் உயரமாவது மேடாக மண் கொட்டி, மட்டம் கட்டி, பெரிய கரைகளில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலம் விட்டு, நம் முன்னோர் கட்டியவை. மதகு பார்க்கிற லஸ்கர் போக, வர அந்த அகலம் தேவைப்பட்டது. அவர் முன்னால் போக, பின்னாலேயே ஊர் நடந்தது.

எங்கள் சின்ன வயதில் சாலை வழியாகப் போனவர்கள் பஸ்ஸில் போனவர்கள்தான். மற்றவர்கள் கரையில் போனார்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும் அம்மாக்கள், ஓடுகிற மாதிரி ஒரு நடை நடந்து, மணல்பாதையைப் பிடித்து, சூரியன் சுடுவதற்குள் தலத்தெருவுக்குள் நுழைந்துவிடுவார்கள். அறுவடை நாளில் நெல்மூட்டை வண்டி கரையில் வரும். திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை விரதக்காரர்கள் விடியற்காலையில் கரையோடு போவார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த நாங்கள் ஐந்தாறு பையன்கள், பாடத்தைச் சத்தம்போட்டு ஒப்பித்துக்கொண்டே கரையில் நடப்போம். எதிரே வரும் மாடுகளுக்கு 'சேர்' என்கிற வினைச்சொல்லின் பிரெஞ்சு விகுதிகள் எல்லாம் மனப்பாடம். யாரும் இதற்கு வாக்கிங் என்று பேர் வைக்கவில்லை. போகவேண்டிய இடத்துக்குப் போனோம். உடம்பு தானாக நன்றாக இருந்தது.

பின்னாளில் உத்தியோகத்துக்கு வந்தபிறகு ஹெர்குலிஸ் சைக்கிளில் நெடுங்காடு வரைக்கும் கரையோடு போயிருக்கிறேன். எட்டொன்பது கிலோமீட்டர். புங்க மரமும் பனையும் வழிநெடுக. தை மாதத்தில் இரண்டு பக்கமும் கதிர் சாய்ந்து கிடக்கும். இதையெல்லாம் சொல்லி நான் பெருமூச்சு விடப் போவதில்லை. அந்தக் காலம் அந்தக் காலம் என்று எழுதி எழுதியே நம்மைப் போன்றவர்கள் இந்தக் காலத்தில் செய்யவேண்டிய வேலையிலிருந்து தப்பித்துவிடுகிறோம்.

இன்று அந்தக் கரைகளின் நிலை என்ன? போய்ப் பாருங்கள். முதல் நூறு அடி வரை கோழிக்கடைக் கழிவு. அடுத்த நூறு அடி பாட்டில். நம் ஊரில் சரக்கு விலை குறைவு என்பதால் எல்லை தாண்டி வருகிறவர்கள் பாதியைக் கரையிலேயே குடித்து முடித்துவிடுகிறார்கள். காரைக்காலில் இன்றைக்கு ஒற்றையடிப் பாதைகளை முழுமையாக அறிந்தவர்கள் பாட்டில் கடத்துகிறவர்கள் மட்டும்தான். அவர்களிடம் கேட்டால் அருமையான வரைபடம் கிடைக்கும். அதைத் தாண்டினால் சீமைக்கருவை. அதையும் தாண்டினால் யாரோ போட்ட முள்வேலி.

வேலி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்கு அரை கிலோமீட்டரில் ஒரு வாய்க்கால். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வயலை மனைபிரித்து விற்ற ஒருவர், கரையையும் சேர்த்து வளைத்து வேலி போட்டுவிட்டார். போய்க் கேட்டேன். "புறம்போக்குதானே சார், யாருக்கும் சொந்தமில்லையே" என்றார். முப்பத்துமூன்று வருஷம் நிலப் பதிவேடுகளோடு குப்பை கொட்டியவனிடம் இப்படிச் சொன்னார். பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதாஸ்தர் எண்ணும், பிற்பாடு வந்த ஆர்.எஸ். எண்ணும் ஒன்றுக்கொன்று நேராக எழுதிய பேரேடுகளை நான் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் புறம்போக்கு, பாதை புறம்போக்கு, வண்டிப்பாதை என்று தனித்தனியாகக் காட்டியிருக்கும். புலப்படத்தில் புள்ளிக்கோடாக ஒற்றையடிப் பாதைகூட இருக்கும். புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று அர்த்தமில்லை. எல்லாருக்கும் சொந்தமானது, ஆகையால் எவரும் விற்கவோ வளைக்கவோ முடியாதது என்று அர்த்தம்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தேன். "கீழே அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். கீழே போய்க் கேட்டால் "மேலே அனுப்பியிருக்கிறோம்." நானும் இப்படி எழுதப்பட்ட காகிதங்களுக்கு நடுவே வாழ்ந்தவன்தான், அதனால் ஆச்சரியப்படவில்லை. வேலி இன்னும் இருக்கிறது. வேலிக்குள் இப்போது ஒரு மாமரமும் காய்க்கிறது.

இந்த இடத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் புத்தி கொஞ்சம் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிரெஞ்சு ஆட்சிக்குக் கொடி பிடிக்கிறவன் இல்லை. அவர்கள் நம் மேல் ஆசை வைத்து இந்த ஊரை வைத்திருக்கவில்லை. ஆனால் 1819-இல் இங்கேயும் அமலுக்கு வந்த அவர்களுடைய சிவில் சட்டத்தில் 650-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. படகு போகக்கூடிய ஆறுகளின் ஓரத்தில் 'மார்ஷ்பியே' என்று ஒரு காலடிப் பாதையைப் பொதுப் பயனுக்காக விடவேண்டும் என்கிற பொறுப்பை அது நிலத்தின் மேலேயே ஏற்றுகிறது. நிலம் உன்னுடையதாக இருக்கலாம், அதன் மேல் கால் வைத்துப் போகிற உரிமை ஊருடையது. இன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் அரசுக்குச் சொந்தமான ஆறுகளின் கரையில் அதற்கு 3.25 மீட்டர் அகலம். கடலோரத்துக்கும் 1976 டிசம்பர் 31-ஆம் தேதியிட்ட சட்டம் ஒன்று வந்தது. கடற்கரையை ஒட்டி எவ்வளவு பெரிய கோடீஸ்வரர் பங்களா கட்டியிருந்தாலும், ஓரமாக 3 மீட்டர் அகலத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிவிடவேண்டும்.

அந்த நாட்டின் பிரத்தாஞ் பகுதியில் கடலோரமாகவே சுமார் 2,000 கிலோமீட்டர் போகிற ஒரு நடைபாதை இருக்கிறது. அதை 'சுங்கக்காரர் பாதை' என்றும் சொல்கிறார்கள். கடத்தல்காரனைப் பிடிக்க சுங்கச் சிப்பாய்கள் ராத்திரி பகலாக நடந்து நடந்து உண்டாக்கிய தடம். சிப்பாய் போனான், தடம் நின்றது. ஜனங்கள் அதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நம் ஊரைச் சுற்றியும்தான் அந்தக் காலத்தில் சுங்கச் சாவடிகள் இருந்தன. இங்கேயும்தான் கடத்தல்காரனும் காவல்காரனும் நடந்தார்கள். தடங்கள் மட்டும் காணாமல் போகின்றன.

பிரான்ஸை விடுங்கள், பணக்கார நாடு என்பீர்கள். நெதர்லாந்தைப் பாருங்கள். அதுவும் நம்மைப் போல ஆற்று முகத்துவார நாடு, ஏறக்குறைய கால்வாசி இடம் கடல் மட்டத்துக்குக் கீழே. 1971-இல் அங்கே சாலை விபத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் குழந்தைகள் மட்டும் நானூறுக்கு மேல். தாய் தகப்பன்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்து என்பதுதான் அவர்கள் இயக்கத்தின் பெயரே. அதற்கப்புறம்தான் அரசாங்கம் சைக்கிளுக்குத் தனிப்பாதைகளைப் பெருமளவில் போட ஆரம்பித்தது. அங்கே வெள்ளம் தடுக்கும் கரைகள் பலவற்றின் மேல் இன்றைக்குச் சைக்கிள் ஓடுகிறது. வெள்ளக் காலத்தில் அதே கரைகளில் ஊர்க்காரத் தொண்டர்கள் நடந்து எங்கே கசிகிறது, எங்கே சரிகிறது என்று பார்க்கிறார்கள்.

இது நமக்குப் புதுசா? ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் அரிக்கேன் விளக்கோடு ராத்திரியில் கரைக்காவல் போனவர்களைப் பார்த்த கண்கள்தானே நம்முடையவை? நண்டு வளையில் தொடங்குகிற கசிவு விடிவதற்குள் உடைப்பாகிவிடும். நடக்கிறவனுக்குத்தான் அது கண்ணில் படும். இன்று சீமைக்கருவை மூடிய கரையில் கசிவு எடுத்தால் யார் பார்ப்பது? ஜேசிபி வருவதற்கே வழி இல்லை. கரையில் ஆள் நடமாட்டம் இருப்பது உடம்புக்கு மட்டும் நல்லதல்ல, பயிருக்கும் வீட்டுக்கும் காவல். நடைபாதைக்கு ஒதுக்குகிற பணத்தைப் பொழுதுபோக்குச் செலவு என்று எழுதுகிற அதிகாரிகள் இதைத்தான் முதலில் புரிந்துகொள்ளவேண்டும்.

கடல் பக்கமும் அப்படியே. 2004 டிசம்பர் 26 காலையை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று மீனவர் கிராமங்கள் எல்லாம் அடிபட்டன. கடலிலிருந்து ஊருக்குள் ஓடிவருவதற்கு வழி எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடலுக்குப் போகிற ஒவ்வொரு மணல்பாதையும் கடலிலிருந்து தப்பிவருகிற பாதையும்தான். அதை மனை வேலி போட்டு அடைக்க விடுகிற ஊர், தன் அனுபவத்தை மறந்த ஊர்.

இனி, கரை வேண்டாம் என்றால் எங்கேதான் நடப்பது? சாலையிலா? சாலை என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. 2009-இலிருந்து கீழவாஞ்சூரில் துறைமுகம் ஓடுகிறது, கனரக லாரிகள் வருகின்றன. விழுப்புரம்-நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை நம் மாவட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. எல்லாம் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திப் பாதயாத்திரை போகிறவர்களை ஒரு ராத்திரி நின்று பாருங்கள். மாதா பேரைச் சொல்லிக்கொண்டு குழந்தை குட்டிகளோடு லாரிச் சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி நடக்கிறார்கள். சனிப்பெயர்ச்சி நேரத்தில் திருநள்ளாற்றுச் சாலையும் அதே கதி. நாட்டில் 2022-ஆம் வருஷம் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசே கணக்குச் சொல்கிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர்.

சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தருகிற வாழும் உரிமையின் பகுதி என்று. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிப்படி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடங்கலில்லாமல் இருக்கவேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு நம் கடைத்தெருவில் அளந்து பாருங்கள். டீக்கடை அடுப்பு, ஜெனரேட்டர், துணிக்கடைப் பொம்மை, நிறுத்திய பைக் எல்லாம் போக மிச்சம் இருப்பதில் ஒரு பூனை போகலாம், அதுவும் பக்கவாட்டில். கைலாயத்தைக் காலால் மிதிக்கக்கூடாது என்று தலையால் நடந்துபோன அம்மையார் பிறந்த ஊர் இது. அந்த அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா எடுக்கிற ஊரில், காலால் நடப்பதற்கே வழி கேட்டு எழுதவேண்டியிருக்கிறது.

பழைய ரயில் மேட்டையும் சொல்லியாகவேண்டும். பேரளம்-காரைக்கால் ரயில் 1898-இல் வந்தது, சுமார் 23 கிலோமீட்டர். எண்பதுகளின் கடைசியில் நிறுத்தினார்கள், தண்டவாளத்தையும் பிடுங்கினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மேடு சும்மா கிடந்தது. ஐரோப்பாவில் இப்படிச் செத்துப்போன ரயில்பாதைகளை 'பசுமை வழி' என்று சைக்கிளுக்கும் நடைக்கும் ஆக்கிவிடுகிறார்கள். நாம் அதில் குப்பை கொட்டினோம். இப்போது மறுபடி அகலப் பாதை போட்டுவிட்டார்கள். சந்தோஷம், ரயில் வேண்டும் என்று மனு எழுதியவர்களில் நானும் ஒருவன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இத்தனை கோடி செலவு செய்தபோது, பக்கத்தில் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குக் கிராவல் பாதை விட எவ்வளவு ஆகியிருக்கும்? யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் விடவில்லை.

நான் இப்படிப் பேசினால் வழக்கமாக வருகிற பதில்களும் எனக்கு மனப்பாடம்.

பாம்பு இருக்கும் என்பார்கள். இருக்கும். ஆள் போகாத இடத்தில்தான் அதிகம் இருக்கும். புதரை வெட்டிப் பாதையைத் துப்புரவாக வைத்தால், பாம்பு நம்மைப் பார்த்து ஒதுங்கும். கையில் ஒரு தடி, விடிந்தபிறகு நடை, போதும்.

குடிகாரர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். ஏன் அங்கே உட்காருகிறார்கள்? நீங்களும் நானும் அங்கே போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். தினம் காலையும் மாலையும் இருபது பேர் நடக்கிற கரையில் எவன் பாட்டிலைத் திறப்பான்? பக்கத்துவீட்டு மாமா பார்த்துவிடுவார் என்கிற பயம் போலீஸ் பயத்தை விடப் பெரிது.

பெண்பிள்ளைகள் போகமுடியுமா என்பார்கள். இதுதான் முக்கியமான கேள்வி, இதற்குப் பதில் ஏற்கெனவே தமிழ்நாட்டில் இருக்கிறது. 1991, 92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கில் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள். முதலில் கேலி பேசினார்கள், ஏசினார்கள். ஒருத்தி போனால் கேலி, ஆயிரம் பேர் போனால் யார் கேலி செய்வது? பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதி உலகத்துக்கே தெரிந்தது. நம் அரசாங்கமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, அதை லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓட்டு என்கிறது. எந்தத் தகப்பன் அனுப்புவான்? சைக்கிள் திண்ணையில் துருப்பிடிக்கிறது, பிள்ளையை அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார்.

பணம் இல்லை என்பார்கள். இது பொய். வட்டப்பாதைக்குப் பதிக்கிற சிமெண்ட் கல் விலையில் கரையில் எத்தனையோ கிலோமீட்டர் கிராவல் போடலாம். கரையில் சிமெண்ட்டே வேண்டாம், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவேண்டும், முட்டிவலிக்காரனுக்கும் மண்பாதைதான் நல்லது. நூறுநாள் வேலையில் வருஷா வருஷம் வாய்க்கால் வெட்டுகிறோம். அதே ஆட்கள், அதே மண்வெட்டி, கரையின் மேல்பக்கத்தையும் சேர்த்து மட்டம் தட்டினால் பாதை தயார்.

இந்தக் காலத்தில் யார் நடக்கிறார்கள் என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். அரசலாற்றுக் கரையோடு கடற்கரைக்குப் போகிற சாலைக்கு ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். கிழவர், குமரி, குழந்தை, தள்ளுவண்டிச் சுண்டல்காரர் வரைக்கும் அத்தனை பேரும் அங்கேதான். கரையை ஒழுங்காக வைத்தால் ஜனம் வரும் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? ஓர் ஆற்றின் ஒரு கரையில், ஒரு சின்னத் துண்டுக்கே இவ்வளவு கூட்டம். மிச்சக் கரைகள் எல்லாம் எதற்குக் காத்திருக்கின்றன?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். ஒரு பழைய கிளார்க் எழுதுகிற குறிப்பாணையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. கொம்யூன் வாரியாக எல்லா ஆற்றுக்கரை, வாய்க்கால் கரை, வண்டிப்பாதைகளையும் புலப்படத்தோடு ஒத்துப் பார்த்து, அளந்து, கல் நட வேண்டும். கல் நட்ட இடத்தில் வேலி நிற்காது.

இரண்டு. பெரிய கரைகளில் இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கிராவல். கார், மணல் டிராக்டர் நுழையாதபடி தலைப்பில் கல்தூண். சைக்கிளும் மூன்றுசக்கர நாற்காலியும் போகிற இடைவெளி இருக்கவேண்டும்.

மூன்று. பாதை அறுபடுகிற மதகுகளில் கைப்பிடி வைத்த சின்னப் பாலம். இப்போது பல இடங்களில் ஒரு பனந்துண்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள், நம் வயதில் அது சர்க்கஸ்.

நான்கு. ஆடியில் தண்ணீர் வருமுன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, கருவையை வேரோடு வெட்டவேண்டும்.

ஐந்து. நான்குவழிச் சாலையோ ரயிலோ எந்தப் பாதையைக் குறுக்கே வெட்டினாலும், நடந்து போகிறவனும் சைக்கிளும் கீழே புகுந்து போக வழி இருக்கவேண்டும். இரண்டு கிலோமீட்டர் சுற்றிவா என்று சொல்லக்கூடாது.

ஆறு. புதிதாக எந்த மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்தாலும் அதை ஒட்டிய கரை திறந்திருக்கிறது என்று நேரில் பார்த்து எழுதிய பிறகே கையெழுத்து. நேரில் பார்த்து என்றால் நேரில் பார்த்துத்தான். மேஜையில் உட்கார்ந்து எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

இவை அரசாங்கத்துக்கு. நமக்கும் வேலை இருக்கிறது. சங்கம், தலைவர், பொருளாளர், சால்வை எதுவும் வேண்டாம். அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கரை, எந்தப் பாதை என்று பாருங்கள். சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் புலப்பட நகல் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தரவேண்டும். அடைப்பு இருந்தால் எங்கே, எத்தனை மீட்டர் என்று தேதியோடு எழுதுங்கள். "நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று மட்டும் எழுதினால் குப்பைக்குப் போகும். சர்வே எண், அளவு, புகைப்படம் மூன்றும் இருக்கிற மனுவைக் கிழித்துப்போட எந்தக் கிளார்க்குக்கும் கை வராது, இது அனுபவம் பேசுகிறது.

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் ஐஸ்கிரீம் கடையோடு நிறுத்தாதீர்கள். கரைக்கு அழைத்துப் போங்கள். இது அரசலாறு, இது நூலாறு, இந்த மதகு திறந்தால் அந்த வயலுக்குத் தண்ணீர் என்று காட்டுங்கள். சொந்த ஊரின் ஆறுகள் பெயரைச் சொல்லத் தெரியாத பிள்ளை, நாளைக்கு அந்த ஆற்றை யாராவது வளைத்தால் எப்படிக் கண்டுபிடிக்கும்?

புள்ளிக்கோடாக இருக்கிற வரைக்கும்தான் பாதைக்கு உயிர். நாற்பது வருஷம் யாரும் நடக்காவிட்டால், அந்தப் புள்ளிக்கோட்டை அழித்துவிட்டு "உபயோகத்தில் இல்லை" என்று ஒரு வரி எழுதுவதற்கு ஐந்து நிமிஷம் போதும். அந்த வரியை எழுத விடாமல் செய்கிற ஆதாரம் நம் காலடித் தடம்தான். நமக்கு இருக்கிற இந்தப் பத்துப் பதினைந்து வருஷக் கால் பலத்தை வட்டப்பாதையில் சுற்றித் தீர்க்கவேண்டாம். அவரவர் கரையில் போய் நடப்போம். தடி மறக்கவேண்டாம்.